தலைநகர் எது? ஜெராக்ஸ் கடை பேப்பரை நம்பலாமா?

கோவை, பள்ளிக்கூடத்தில் "ஒரு நாட்டைப் பற்றி எழுதி வா" என்று புராஜக்ட் கொடுத்துவிடுகிறார்கள். பிள்ளை அதை ராத்திரி 8 மணிக்குத்தான் வீட்டில் சொல்லும்.

"அப்பா, நாளைக்குக் காலைல குடுக்கோணும்ப்பா."

அப்பா என்ன செய்வார்? கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஜெராக்ஸ் கடைக்கு ஓடுவார். அங்கே இருக்கும் பையன் கம்ப்யூட்டரில் நாட்டின் பெயரைத் தட்டுவான். முதலில் வருவதை பிரிண்ட் போடுவான். கலர் கொடி, மேப், தலைநகர், ஜனத்தொகை எல்லாம் ரெடி! எழுதியது யார்? எந்த வருஷம்? அது பையனுக்கும் தெரியாது, பணம் கொடுத்தவருக்கும் தெரியாது.

வில்லங்கம் அங்கேதான்.

'என்கிற' ஊர்

கசகஸ்தானை எடுத்துக்கொள்ளுங்கள். 1997 வரை தலைநகர் அல்மாட்டி. அந்த வருஷம் அக்மோலாவுக்கு மாற்றினார்கள். 1998-ல் அக்மோலா, அஸ்தானா ஆனது. 2019-ல் நூர்சுல்தான். 2022-ல் மறுபடியும் அஸ்தானா! பழைய ஜேப்படித் திருடன் மேல் போலீசார் எழுதும் எஃப்.ஐ.ஆரில்கூட இத்தனை 'என்கிற' வராது.

2020-ல் எழுதிய பக்கம் நூர்சுல்தான் என்றுதான் சொல்லும். அன்றைக்கு அது பொய் இல்லை. அதை இன்றைக்குக் காப்பி அடித்தால் மார்க் போச்சு. சுவாசிலாந்தும் இப்படித்தான், 2018-ல் எஸ்வாத்தினி ஆகிவிட்டது.

வெளிநாடு எதற்கு? நம் இந்தியாவின் ஜனத்தொகை 2011 கணக்கெடுப்பில் 121 கோடி. 2023-ல் ஐ.நா. மதிப்பீட்டில் 142 கோடிக்கு மேல். ரெண்டும் சரி. யார் கணக்கு, எந்த வருஷம் என்று பக்கத்தில் போடாவிட்டால் ரெண்டும் தப்பு.

நம்ம ஊர்க்காரர்கள்

ஆர்.எஸ்.புரம் கவுலி பிரவுன் ரோட்டில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. பஸ்சில் அந்தப் பக்கம் தினமும் போகிறவர்களிலேயே உள்ளே கால் வைக்காதவர்கள் எத்தனையோ பேர்!

சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது 1948-ல். அப்போது கல்வி மந்திரி, திருப்பூரில் பிறந்த தி.சு.அவினாசிலிங்கம் செட்டியார். தமிழில் கலைக்களஞ்சியம் வேண்டும் என்று தமிழ் வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கியவரும் அவரேதான். அதற்கு முதன்மை ஆசிரியராக உட்கார்ந்தவர் பெரியசாமித் தூரன். ஈரோடு பக்கம் மஞ்சக்காட்டுவலசுக்காரர். 1954 முதல் 1968 வரை 10 தொகுதி கொண்டுவந்தார்கள். கொங்கு நாட்டுக்காரர்கள் செய்த இந்த வேலையை நம் பிள்ளைகளுக்கே யாரும் சொல்வதில்லை என்பதுதான் வேதனை.

அந்தத் தொகுதிகளை இப்போது தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் காசில்லாமல் படிக்கலாம். ஆறு, மலை, பழைய வரலாறு பார்க்க அருமையான நூல். ஆனால் அதிலும் வருஷம் பார்க்க வேண்டும். 1971-ல் பிறந்த வங்கதேசத்தை 1968-ல் முடிந்த புத்தகத்தில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

பொய் சாட்சி

இன்றைய கணக்குக்கு இன்டர்நெட் வேண்டும்தான். ஐ.நா. புள்ளிவிவரத் தளம், உலக வங்கித் தளம் ரெண்டிலும் வருஷத்தோடு எண் கிடைக்கும். அந்த நாட்டுக்கும் நமக்கும் என்ன உறவு என்பதை டெல்லி வெளியுறவு அமைச்சகத்தின் தளத்தில் பார்க்கலாம். விக்கிப்பீடியா என்றால் அடியில் காட்டியிருக்கும் ஆதாரத்தையும் திறந்து பார்க்க வேண்டும்.

புதிதாக ஏ.ஐ. வந்திருக்கிறது. கேட்ட மாத்திரத்தில் வக்கீல் மாதிரி பேசும். ஆதாரம் கேட்டால் சில சமயம் இல்லாத புத்தகத்தின் பெயரையே சொல்லிவிடும்! அந்தப் பெயரை நூலகத்தில் விசாரிக்காமல் நோட்டில் ஏற்றக் கூடாது.

பணம் கட்டியாச்சு

கடைக்காரர்கள் சொத்து வரி ரசீதைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி. வாடகைக் கட்டடம் என்றாலும் வாடகைக்குள் அது ஒளிந்திருக்கும். ஆக நூலகத்துக்குப் பணம் கட்டியாச்சு; ஜெராக்ஸ் கடையில் கொடுப்பது தனி.

கலைக்களஞ்சியம், அட்லஸ் மாதிரி குறிப்புதவி நூல்களை வீட்டுக்குக் கொடுக்க மாட்டார்கள். அங்கேயே உட்கார்ந்துதான் எழுத வேண்டும். பிள்ளையை நோட்டு, பேனாவோடு கூட்டிக்கொண்டு போங்கள். தலைப்புப் பக்கத்தின் பின்புறம் அச்சான வருஷம் இருக்கும். முதலில் அதைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.