சார்ஜ் லைட்டர்: பொறிக்குள்ளே என்ன இருக்கு?

ஒரகடம் பக்கம் அப்ரண்டிஸாகச் சேர்ந்து, ரூம் எடுத்துச் சமைக்கப் போகிறவர்களுக்காக இது.

சாதா கேஸ் லைட்டரில் பேட்டரி கிடையாது. உள்ளே சின்னச் சுத்தியல் ஒன்று படிகத்தைத் தட்டும். அழுத்தத்தில் மின்சாரம் பிறக்கும். 1880-இல் கியூரி சகோதரர்கள் கண்டுபிடித்த தத்துவம்! ஆனால் பொறி கணநேரம்தான். கேஸ் பற்றும், திரி பற்றாது.

சார்ஜ் லைட்டரில் 3.7 வோல்ட் லித்தியம் செல். அதைச் சில ஆயிரம் வோல்ட்டாக உயர்த்தி, இரு முனைகளுக்கு நடுவே விடாமல் பாய்ச்சுகிறார்கள். அதனால் விளக்குத் திரி, ஊதுவத்திகூடப் பற்றும், காற்றடித்தாலும் கவலையில்லை.

செல்லுக்குச் சூடு ஆகாது. அடுப்பு பக்கத்தில் வைக்காதீங்க. படுக்கையில் சார்ஜ் போடாதீங்க.

கேஸ் வாடை வந்தால் எந்த லைட்டரும் வேண்டாம், சுவிட்சையும் தொட வேண்டாம். எல்பிஜி காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-க்கு போன் போடுங்கள். ரூமில் நாலு பேர் தூங்குவாங்க. ஒரு பொறி போதும்!