திரை நெருப்பில் புகை இல்லை

"தம்பி, நெருப்புப் பிடிச்சா நான் வீட்டுக்குள்ள இருக்கிறதோ, கீழ இறங்கிறதோ?"

போன மாதம் அம்மா தொலைபேசியில் கேட்ட கேள்வி இது. கிழக்கு லண்டனில் ஒரு தொடர்மாடியின் 11ஆம் மாடியில் தனியாக இருக்கிறார். வயது 78. முழங்கால் வருத்தம். அன்று காலை லிப்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தார்களாம். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் 'சிக்காகோ ஃபயர்' பார்த்துக்கொண்டிருந்த என் மகள்தான் முந்திக்கொண்டாள். "அவங்கள் வந்து அப்பம்மாவைத் தூக்கிக்கொண்டு போவாங்கள்தானே அப்பா!"

அவளைக் குறை சொல்ல மாட்டேன். நெருப்பைப் பற்றி நானும் தொலைக்காட்சியில்தான் படித்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் இங்கே வந்தபோது ஐ.டி.வி.யில் 'லண்டன்ஸ் பேர்னிங்' போய்க்கொண்டிருந்தது. ஜாக் ரோசன்தால் எழுதிய 1986ஆம் ஆண்டுத் தொலைக்காட்சிப் படம், 1988இல் தொடராகி 2002 வரை ஓடியது. பிளாக்வால் நிலையத்தின் 'புளூ வாட்ச்' குழுதான் கதை. ஆங்கிலம் பழகலாம் என்று பார்க்கத் தொடங்கினோம். அதில் ஒருவருக்கு 'சிக்நோட்' என்று பட்டப்பெயர். வேலைக்குப் போகாமல் இருக்க டொக்டர் எழுதித் தருகிற துண்டுக்குத்தான் அந்தப் பெயர் என்று விளங்கிய நாளில் அப்பா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அவருடைய வேலைத்தலத்திலும் அப்படி ஒருவர் இருந்தாராம்.

அந்தத் தொடரில் பாதி நேரம் நெருப்பே இருக்காது. தேத்தண்ணி, பகிடி, வீட்டுக் கடன், மனைவியோடு சண்டை. பிறகு மணி அடிக்கும். பெரிய கதாநாயகர்களாகக் காட்டாமல் சம்பளத்துக்கு வேலை செய்கிற மனிதர்களாகக் காட்டினார்கள். அதனாலேயே அதன் மேல் எனக்கு இன்றும் மரியாதை.

ஹொலிவூட் நெருப்பு வேறு சாதி. ரொன் ஹவார்ட் இயக்கிய 'பேக்ட்ராஃப்ட்' 1991இல் வந்தது. சிக்காகோ நகரம், இரண்டு சகோதரர்கள். நெருப்பு அதில் ஒரு மிருகம் மாதிரி மூச்சு விடும், கூரையில் ஊரும். அழகு என்றால் அழகுதான். ஆனால் பாருங்கள், அந்தப் படத்தில் புகை எங்கே? முகமூடி எங்கே? நடிகரின் முகம் தெரிய வேண்டுமே! திரைக்காக எரிகிற நெருப்பு பெரும்பாலும் வாயுக் குழாய் வழியே வருவது, சுத்தமாக எரியும். எங்கள் வீட்டில் எரிவது அப்படியா? சோபாவின் ஸ்பொஞ்ச், பிளாஸ்டிக், கம்பளம். அதில் வெளிச்சத்தை விட இருட்டுத்தான் அதிகம்.

இதை நான் ஒரு மார்கழி இரவில் கற்றுக்கொண்டேன். அப்போது குடியிருந்த கட்டடத்தில் எங்களுக்கு இரண்டு மாடி கீழே ஒரு குசினியில் எண்ணெய்ச் சட்டி பற்றிவிட்டது. சின்ன நெருப்பு. நான் கண்ணால் காணவே இல்லை. கதவைத் திறந்து நடைபாதையில் ஐந்து அடி வைத்திருப்பேன், என் கையே எனக்குத் தெரியவில்லை. தொண்டையை யாரோ பிடித்த மாதிரி. எந்தப் பக்கம் வீடு, எந்தப் பக்கம் படி என்று பிடிபடவில்லை. சுவரைத் தடவித் தடவி வீட்டுக்குள் வந்து விழுந்தேன். கொஞ்ச நேரத்தில் கதவடியில் ஒரு சத்தம், முகமூடிக்குள்ளால் வருகிற மூச்சு. முழங்காலில் ஊர்ந்து வந்த ஓர் ஆள். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. படத்தில் வருகிற மாதிரி வசனம் எதுவும் பேசவில்லை. கதவைச் சாத்து, கீழே ஈரத்துணி வை, யன்னலடியில் இரு என்று மூன்று கட்டளைகள். அவ்வளவுதான், போய்விட்டார். அவர் முதுகுச் சிலிண்டரில் இருக்கும் காற்று கடும் வேலைக்கு அரை மணி நேரமளவில்தான் தாங்கும் என்பது பிறகுதான் எனக்குத் தெரியும்.

உண்மைக்குக் கிட்ட வந்தது நான் கிழட்டுப் படம் என்று நினைத்திருந்த ஒன்று. 1974இல் வந்த 'த டவரிங் இன்ஃபெர்னோ'. சான் பிரான்சிஸ்கோவில் 138 மாடிக் கண்ணாடிக் கோபுரம், திறப்பு விழா இரவிலேயே எரிகிறது. ஏன் எரிகிறது? கட்டியவரின் மருமகன் காசு மிச்சம் பிடிக்க மலிவான மின்கம்பி போட்டதால். தீயணைப்புத் தலைவராக ஸ்டீவ் மக்குயீன். ஏழாம் மாடிக்கு மேலே நெருப்பை அணைக்க நிச்சயமான வழி எங்களிடம் இல்லை, ஆனாலும் நீங்கள் உயர உயரக் கட்டுகிறீர்களே என்று கட்டடக் கலைஞரிடம் கேட்கும் இடம் ஒன்று உண்டு. கடைசியில் கூரைத் தண்ணீர்த் தாங்கிகளை வெடிக்கவைத்து அணைப்பது சினிமா. மலிவுக் கம்பி சினிமா இல்லை.

2017 ஜூன் 14. மேற்கு லண்டன் கிரென்ஃபெல் கோபுரம். 24 மாடி, 67 மீட்டர், ஒரே ஒரு படிக்கட்டு. நாலாம் மாடியில் ஒரு குளிர்சாதனப் பெட்டியில் தொடங்கியது. அதிகாலை 12.54க்கு முதல் அழைப்பு, ஐந்து நிமிடத்தில் வண்டி வந்துவிட்டது. உள்ளே போனவர்கள் குசினி நெருப்பை அடக்கியும்விட்டார்கள். ஆனால் அது ஏற்கெனவே யன்னலால் வெளியேறி, கட்டடத்துக்குப் போர்த்தியிருந்த பொலித்தீன் நிரப்பிய அலுமினியத் தகட்டில் ஏறிவிட்டது. அன்று லண்டன் படையிடம் இருந்த மிக நீளமான ஏணி 32 மீட்டர். 64 மீட்டர் ஏணிகள் பிறகுதான் வந்தன.

உதவி கேட்டு அழைத்தவர்களிடம் "உள்ளேயே இருங்கள், வருவார்கள்" என்றுதான் சொல்லப்பட்டது. அந்த அறிவுரை முட்டாள்தனமானது அல்ல. ஒழுங்காகக் கட்டிய கொங்கிரீட் கட்டடத்தில் ஒவ்வொரு வீடும் ஒரு பெட்டி, நெருப்பு அந்தப் பெட்டியை விட்டு வெளியே வர நேரமெடுக்கும். அதனால் புகை நிறைந்த படியில் இறங்குவதை விட வீட்டுக்குள் இருப்பது நல்லது. என்னை அன்று காப்பாற்றியதும் அதுதான். கிரென்ஃபெல்லில் சுவரே விறகாகியிருந்தது. 2009இல் கேம்பர்வெல் லக்கனால் ஹவுஸில் ஆறு பேர் இறந்தபோதே எச்சரிக்கை வந்துவிட்டது. ஆனாலும் கிரென்ஃபெல்லில் அந்த அறிவுரையைக் கைவிட 2.47 ஆகிவிட்டது. இறந்தவர்கள் 72 பேர். அந்த மரணங்கள் ஒவ்வொன்றும் தவிர்த்திருக்கக் கூடியவை என்று விசாரணைக் குழு 2024இல் சொன்னது. தகடு விற்றவர்களின் நேர்மையின்மையையும் சொன்னது.

இந்த நெருப்பைத் திரையில் எப்படிக் காட்டுவது? ஸ்டீவ் மக்குயீன் என்ற அதே பெயருடைய இன்னொருவர், லண்டனில் பிறந்த கறுப்பின இயக்குநர், ஒரு வழி கண்டார். 2017 டிசம்பரில், கோபுரத்தை மூடிக் கட்டுவதற்கு முன், ஹெலிகொப்டரில் இருந்து எடுத்தது. 24 நிமிடம், 2023இல் சர்ப்பன்டைன் கலைக்கூடத்தில் காட்டினார்கள். வசனம் இல்லை, இசை இல்லை, நெருப்பும் இல்லை. கரிந்த கோபுரத்தைக் கமரா சுற்றிச் சுற்றி வருகிறது. நான் இடையில் இரண்டு முறை கண்ணைத் தாழ்த்தினேன். 'பேக்ட்ராஃப்ட்' ஓடும்போது ஒரு தடவையும் தாழ்த்தியதில்லை.

பழைய ஆட்களுக்காக ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். 'பேக்ட்ராஃப்ட்' கதையின் அடியில் கிடப்பது தீயணைப்பு நிலையங்களை மூடிய அரசியல்வாதி மேலுள்ள கோபம். 2014 ஜனவரியில் லண்டனில் ஒரே நாளில் 10 நிலையங்களை மூடினார்கள். அதைப் பற்றி எங்கள் கடைத்தெருவில் யாரும் பேசியதாக ஞாபகம் இல்லை.

சனிக்கிழமை அம்மாவிடம் போனேன். அறிவித்தலை வாசித்துத் தமிழில் எழுதிக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். அவருடைய கட்டடத்தில் இன்னும் 'உள்ளேயே இரு'தான், ஆனால் புகையோ சூடோ வீட்டுக்குள் வந்தால் உடனே வெளியேற வேண்டும். வெளிச்சுவரில் என்ன தகடு, நடக்க முடியாதவர்களுக்கு என்ன ஏற்பாடு என்று நிர்வாகத்துக்குக் கடிதம் போட்டிருக்கிறேன். பதில் வரவில்லை. மகளும் நானும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு படியால் இறங்கிப் பார்த்தோம். நாலு இடத்தில் இருந்து இருந்து, 19 நிமிடம். மகள் தன் போனில் நேரம் பிடித்தாள். அதற்குப் பிறகு தூக்கிக்கொண்டு போவாங்கள் என்று அவள் சொல்லவில்லை.

திரும்பி மேலே வந்தால் குசினி வாசலில் புகை அலாரம் வாயைத் திறந்தபடி தொங்குகிறது. பட்டரியைக் காணோம்.

"செத்தல் மிளகாய் தாளிக்கேக்க அது கத்துது தம்பி, சனம் என்ன நினைக்கும்?"

பட்டரி தொலைக்காட்சி ரிமோட்டுக்குள் இருந்தது. கழற்றி அலாரத்துக்குப் போட்டேன். அன்றிரவு அம்மாவால் நாடகம் பார்க்க முடியவில்லை. இன்னும் என்னோடு கோபம்.