புல்மோட்டை மணலும் பிள்ளையின் ஈரலும்

இலங்கையின் புல்மோட்டைக் கடற்கரை மணல் கறுப்பு. அந்தக் கறுப்புக்குக் காரணமான இல்மனைட் என்ற கனிமத்தை அள்ளிப் பிரிக்கவே 1957இல் அரசு ஒரு கூட்டுத்தாபனத்தை அமைத்தது. இல்மனைட், ரூட்டைல், சிர்கோன் ஆகியவற்றோடு, ஒரு சதவீதத்துக்கும் குறைவாக மொனசைட்டும் அந்த மணலில் இருக்கிறது. மொனசைட்டில் தோரியம் உண்டு, தோரியம் கதிர்வீசும். சந்தேகம் முளைக்க இது போதும். இந்தப் பக்கத்தில் ஒரு குழந்தைக்கு ஈரலில் கட்டி என்றால் முதல் விரல் மணலை நோக்கித்தான் நீளும். அதை அறியாமை என்று ஒதுக்கவும் முடியாது. தோரியத்துக்கும் ஈரலுக்கும் பழைய பகை ஒன்று இருக்கிறது. எக்ஸ்ரே படத்தில் இரத்தக் குழாய்கள் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக 1930கள் முதல் 1950கள் வரை ‘தோரோட்ராஸ்ட்’ என்ற தோரியம் கலந்த திரவத்தை மருத்துவர்களே நோயாளிகளின் உடலில் ஏற்றினார்கள். அது வெளியேறவே இல்லை. ஈரலிலும் மண்ணீரலிலும் தங்கிக் கதிர்வீசிக்கொண்டிருந்தது. இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து அவர்களில் பலருக்கு ஈரல் புற்றுநோய் வந்தது.

ஆனால் இதே வரலாறுதான் மணல் மீதான வழக்கைத் தளர்த்துகிறது. தோரோட்ராஸ்ட் நேராக இரத்தத்தில் ஏறியது. தீங்கு வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆயின. வந்தவை பெரும்பாலும் பித்தக் குழாயையும் இரத்தக் குழாயையும் சார்ந்த புற்றுகள். குழந்தைகளுக்கு வரும் ‘ஹெப்படோபிளாஸ்டோமா’ வேறு சாதி. பெரும்பாலும் மூன்று வயதுக்குள் அது வந்துவிடுகிறது. கட்டியின் ஒரு துணுக்கை நுண்நோக்கியில் பார்த்தால், தாயின் வயிற்றில் உருவாகிக்கொண்டிருக்கும் ஈரலின் முதிராத உயிரணுக்களைப் போன்றவையே தெரியும். கருவில் ஈரல் சுரக்கும் அல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் என்ற புரதம் பிறந்த சில மாதங்களில் இரத்தத்தில் அற்ப அளவுக்கு இறங்கிவிட வேண்டும். இந்த நோயுள்ள பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு அது ஆயிரங்களிலும் லட்சங்களிலும் நிற்கிறது. இதைவிட வலுவான சாட்சி மரபணுவில் இருக்கிறது. புகை, வெயில் போன்ற வெளிக் காரணங்களால் பல்லாண்டு தாக்கப்பட்ட உயிரணுவில் ஆயிரக்கணக்கான பிழைகள் சேர்ந்திருக்கும். ஹெப்படோபிளாஸ்டோமாவோ, மனிதருக்கு வரும் புற்றுகளிலேயே மிகக் குறைந்த மரபணுப் பிழைகள் கொண்டவற்றுள் ஒன்று. பெரும்பாலான கட்டிகளில் திரும்பத் திரும்பக் காணப்படுவது பீட்டா-கட்டெனின் என்ற புரதத்தின் மரபணுவில் ஏற்பட்ட பிழை. ‘வளர்’ என்ற கட்டளையை நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்தாத பிழை அது.

பிள்ளை மணலைத் தொடுமுன்பே தாய் கதிரை வாங்கியிருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கேரளத்தின் கருநாகப்பள்ளிக் கரையில் புல்மோட்டையைவிட மொனசைட் அதிகம். அங்கே ஏறத்தாழ 70,000 பேரைச் சராசரியாகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்து 2009இல் வெளியான ஆய்வு, இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை. அவர்கள் முப்பது வயதுக்கு மேற்பட்டவர்கள். ஆகவே அந்த ஆய்வு மட்டும் குழந்தைகள் விஷயத்தைத் தீர்த்துவிடாது. ஆனால் குழந்தைகளைப் பற்றிய சான்றுகள் வேறொரு பக்கம் கைகாட்டுகின்றன. உலகெங்கும் பதினைந்து வயதுக்குட்பட்ட பத்து லட்சம் பிள்ளைகளில் ஆண்டுக்கு ஒருவர் அல்லது இருவருக்கே ஹெப்படோபிளாஸ்டோமா வருகிறது. மொனசைட்டை அறியாத ஊர்களிலும் வருகிறது. குறைமாதத்தில் 1,500 கிராமுக்கும் குறைவான எடையில் பிறந்து பிழைத்த பிள்ளைகளிடம் பல மடங்கு அதிகம். 1990களில் ஜப்பானியப் பதிவேடுகளில் கண்ணில்பட்ட இந்தத் தொடர்பு பிறகு பல நாடுகளில் உறுதியானது. பெக்வித்-வீடெமன் என்ற பிறவிக் குறைபாடும், பெருங்குடலில் தசைமுளைகள் மண்டும் ஒரு பரம்பரை நோயும் ஆபத்தைக் கூட்டும் மற்ற இரண்டு காரணிகள். இலங்கையின் சுமார் ஐம்பது லட்சம் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைப் பொருத்தினால் ஆண்டுக்கு ஐந்து முதல் பத்துப் பேர். இவ்வளவு அரிதான நோய் ஏதாவது ஒரு ஊரில் விழும்போது, அந்த ஊரில் விசேஷமாக எது இருக்கிறதோ அதுதான் குற்றவாளி போலத் தோன்றும்.

மணலையே பார்த்துக்கொண்டிருந்தால் கோட்டை விடுவது சிகிச்சைக்கான நேரத்தை. ஈரல் முழுவதும் பரவாமல் அதற்குள்ளேயே நிற்கும் கட்டிகளுக்கு சிஸ்பிளாட்டின் என்ற ஒரே மருந்தைக் கொடுத்துச் சுருக்கி, பிறகு அறுவை செய்தாலே மூன்று ஆண்டு கடந்து உயிரோடிருப்பவர்கள் 95 சதவீதம் என்று 2009இல் ஐரோப்பிய ஆய்வொன்று காட்டியது. சிஸ்பிளாட்டின் 1978 முதல் புழக்கத்தில் உள்ள பழைய மருந்து. அது செவியைக் கெடுக்கும் என்பது பெரிய குறைதான். ஆறு மணி நேரம் கழித்து சோடியம் தயோசல்பேட் ஏற்றினால் அந்தப் பாதிப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைவதை 2018இல் வெளியான ஆய்வு நிறுவியது. வெட்டிய ஈரல் மீண்டும் வளரும். கட்டி ஈரல் முழுவதும் பரவிவிட்டால் மாற்று ஈரல் தேவை. நுரையீரலுக்கும் போய்விட்டால் கதை இன்னும் கடினம். இலங்கையில் மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். புல்மோட்டையிலிருந்து அங்கே போக நாட்டைக் குறுக்கே கடக்க வேண்டும்; பஸ் காசும் இழந்த நாட்கூலியும் இலவசக் கணக்கில் வராதவை.

அப்படியானால் கட்டியை முன்கூட்டியே பிடிக்க, எடை குறைந்து பிறந்த எல்லாக் குழந்தைகளையும் ஸ்கேன் செய்யலாமே? தேவையில்லை. அரிதின் பல மடங்கும் அரிதுதான்; வீண் பயமும் செலவுமே மிஞ்சும். பெக்வித்-வீடெமன் போன்ற பிறவிக் குறைபாடு உள்ள சிறு குழந்தைகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பரிந்துரைக்கப்படுகிறது. மற்றவர்களுக்குக் கையே கருவி. கட்டி பெரும்பாலும் வலிக்காது, பிள்ளை விளையாடிக்கொண்டேயிருக்கும். குளிப்பாட்டும்போது வலது விலா எலும்புக்குக் கீழே கெட்டியாக ஏதோ தட்டுப்படுவதுதான் பல வேளைகளில் முதல் தடயம். வயிறு ஊதினால் பூச்சி மருந்து கொடுத்து மாதங்களைப் போக்க வேண்டாம். அடுத்த முறை ஊசி போட கிளினிக் போகும்போது, பிள்ளையின் சுகாதாரக் கொப்பியில் பிறந்த எடை 1,500 கிராமுக்குக் குறைவாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பிள்ளையின் வயிற்றையும் ஒருமுறை அழுத்திப் பார்க்கும்படி வைத்தியரிடம் கேளுங்கள்.