காணாமல் போன கறுப்புக் குதிரை!

திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள் கோயிலைச் சுற்றுவார்கள், மலையைச் சுற்றுவார்கள். நான் சென்ற முறை போனபோது ஒரு குதிரையைத் தேடிச் சுற்றினேன். உயிருள்ள குதிரையல்ல, இரண்டரை அங்குல உயரம்கூட இல்லாத மரக் குதிரை!

கதையை ஆரம்பத்திலிருந்து சொல்லிவிடுகிறேன்.

திருவூடல் தெருவில் என் நண்பரின் தகப்பனார் வசிக்கிறார். பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எண்பது வயதை நெருங்கிக்கொண்டிருக்கிறார். எல்லோருக்கும் அவர் "வாத்தியார் ஐயா"தான். மாலை விளக்கு வைத்ததும் அவர் வீட்டுத் திண்ணையில் சதுரங்கப் பலகை விரிக்கப்படும். எதிரே உட்காருபவள் பன்னிரண்டு வயதுப் பேத்தி. பள்ளிப் போட்டிகளில் பரிசு வாங்கி வருகிறவள்.

அவளுக்கென்று பிளாஸ்டிக் காய்களும், சுருட்டி வைக்கும் பலகையும் இருக்கின்றன. இலேசான சாமான், பையில் போட்டுக்கொண்டு எந்த ஊருக்கும் போகலாம். ஆனால் தாத்தாவுக்கு அது சரிப்படவில்லை. காரணம் பிடிவாதமல்ல. இரண்டு வருஷமாக அவருக்குக் கண்பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. வெளுப்பு, கறுப்பு தெரிகிறது. காயின் உருவம் தெரிவதில்லை. விரலால் தடவித்தான் "இது மந்திரி, இது சிப்பாய்" என்று கண்டுகொள்கிறார். பிளாஸ்டிக் காய் விரல் பட்டதும் சாய்ந்துவிடுகிறது. ஒன்று சாய்ந்தால் பக்கத்தில் இருப்பதும் சாய்கிறது. ஆட்டமே குலைந்துபோகிறது.

அவருடைய தகப்பனார் சென்னை மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கி வந்த மரக் காய்கள் வீட்டில் இருக்கின்றன. அந்த மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்து போய்விட்டது, காய்கள் பிழைத்திருக்கின்றன. ஆனால் ஒரு குறை. கறுப்புக் குதிரைகளில் ஒன்றைக் காணோம். நாற்பது வருஷமாக மைப்புட்டியின் மூடிதான் அந்த வீட்டில் குதிரை!

"மூடி கையில் நிற்கவில்லை, தம்பி. எங்கேயாவது உருண்டு ஓடிவிடுகிறது. பேசாமல் பழைய காலத்து மாதிரியில் புது செட் ஒன்று வாங்கிவிடலாம் என்கிறான் மகன். நீங்கள்தான் நல்லதாகப் பார்த்துச் சொல்ல வேண்டும்" என்றார் வாத்தியார் ஐயா.

மூலையில் நிற்பது தேர்

காய்களை ஒவ்வொன்றாக எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். மூலைக் காய் வந்ததும், "இது தேர்" என்றார்.

"யானை என்றல்லவா சொல்வார்கள்?" என்றேன்.

"பாதிப் பேர் யானை என்பார்கள்; சிலர் கோட்டை என்பார்கள். எங்கள் ஊரில் இது தேர்தான். மாட வீதியில் தேர் எப்படிப் போகிறது? நேராகப் போகும். மூலைக்கு வந்தால்தான் திரும்பும். குறுக்கே பாயுமா?"

கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் ஐந்து தேர்கள் ஓடும் ஊர் அல்லவா? அங்கே இருப்பவர் வேறெப்படிச் சொல்வார்! அவர் சொன்னதில் நியாயமும் இருக்கிறது. சதுரங்கம் என்ற சொல்லுக்கே தேர், யானை, குதிரை, காலாள் என்ற நாலு வகைப் படை என்றுதான் பொருள்.

தமிழ்நாட்டுக்கும் இந்த ஆட்டத்துக்கும் உள்ள உறவு இன்று நேற்றையது அல்ல. மன்னார்குடிக்கு அருகே திருப்பூவனூரில் சிவபெருமானுக்கே சதுரங்க வல்லபநாதர் என்று பெயர். அரசகுமாரியுடன் சதுரங்கம் ஆடி வென்று, அவளை மணந்தார் என்பது தல புராணம். நம் காலத்துக்கு வந்தால், 1961-ல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனவர் மானுவேல் ஆரோன். 1988-ல் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனவர் விஸ்வநாதன் ஆனந்த். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில், பதினெட்டே வயதில் உலக சாம்பியன் ஆனவர் குகேஷ். 2022-ல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது, வேட்டி சட்டையுடன் கைகூப்பி நின்ற "தம்பி"யை மறந்திருக்க மாட்டீர்கள். அந்தத் தம்பியும் ஒரு குதிரைதான்!

இங்கிலீஷ் பெயர், அமிர்தசரஸ் கை

இன்று உலகமெங்கும் போட்டிகளில் காணும் காய்களின் உருவத்துக்கு "ஸ்டான்டன்" மாதிரி என்று பெயர். 1849-ல் நதானியல் குக் என்பவர் லண்டனில் பதிவு செய்த உருவம் அது. ஜாக்ஸ் கம்பெனி செய்து விற்றது. ஹோவர்ட் ஸ்டான்டன் அந்தக் காலத்தில் பெயர் பெற்ற இங்கிலீஷ் ஆட்டக்காரர். உருவத்தை அமைத்தவர் அவரல்ல. தம் பெயரைக் கொடுத்து ஆதரித்தவர்.

அதற்கு முன்பு புழங்கிய காய்கள் பல ஒல்லியாக, உயரமாக, அடுக்கடுக்கான வளையங்களோடு இருக்கும். ராஜாவுக்கும் ராணிக்கும் வித்தியாசம் காண்பதே கஷ்டம். கை பட்டால் விழும். ஸ்டான்டன் காய்க்கு அகன்ற அடி, கனமான பாதம். ராஜாவுக்குச் சிலுவை, ராணிக்கு முடி, மந்திரிக்குப் பிளந்த தலை, மூலைக் காய்க்குக் கோட்டை மதில். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் இன்னது என்று தெரியும். எங்கள் வாத்தியார் ஐயாவுக்கு வேண்டியதும் அதுதானே?

மாதிரி லண்டனில் பிறந்தாலும், பழைய பாணி மரக் காய்களைக் கையால் செய்வதில் இன்று உலகப் புகழ் பெற்ற ஊர் பஞ்சாபிலுள்ள அமிர்தசரஸ். ஜாக்ஸ் கம்பெனியின் பழைய மாதிரிகளையும், 1950-ல் யுகோஸ்லாவியாவில் டுப்ரோவ்னிக் ஒலிம்பியாடுக்காகச் செய்த மாதிரியையும் அங்கே பார்த்துப் பார்த்துச் செய்து வெளிநாடுகளுக்கு அனுப்புகிறார்கள். சிலுவை இல்லாத ராஜாவும், மறு நிறத் தலை வைத்த மந்திரியுமாக இருக்கும் அந்த டுப்ரோவ்னிக் காய்கள் அமெரிக்க வீரர் பாபி பிஷருக்கு மிகவும் பிடித்தமானவை.

வாங்குவதற்கு முன்

மரக் காய் வாங்க விரும்பும் வாசகர்கள் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலில் அளவு. சர்வதேசச் சங்கம் சொல்லும் கணக்குப்படி ராஜாவின் உயரம் சுமார் 9.5 சென்டிமீட்டர், அதாவது முக்கால் குறைய நாலு அங்குலம் என்று நினைத்துவிடாதீர்கள், மூன்றே முக்கால் அங்குலம். அடியின் அகலம் உயரத்தில் 40 முதல் 50 சதவிகிதம் இருக்க வேண்டும். பலகையின் கட்டம் 5 முதல் 6 சென்டிமீட்டர். ஒரு கட்டத்துக்குள் நாலு சிப்பாய்களை நெருக்கி நிறுத்த முடிந்தால் காயும் பலகையும் பொருத்தம் என்று அறிக. பலகை மினுமினுக்கக் கூடாது. விளக்கு வெளிச்சம் கண்ணில் அடிக்கும்.

அடுத்தது கனம். நல்ல காயின் அடியைக் குடைந்து ஈயமோ இரும்போ வைத்து, மேலே கம்பளித் துணி ஒட்டியிருப்பார்கள். காயைச் சற்றே சாய்த்து விட்டுப் பாருங்கள். தஞ்சாவூர் பொம்மை மாதிரி எழுந்து நின்றால் வாங்கலாம். காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே கடகட என்று சத்தம் வரக் கூடாது.

மூன்றாவது மரம். வெள்ளைக் காய்க்குப் பெரும்பாலும் பாக்ஸ்வுட் என்ற மஞ்சள் சாயலுள்ள மரம். கறுப்புக்குக் கருங்காலி, ஈட்டி, சீசம், செம்மரம் என்று பல. கருங்காலி என்று நம் கடைகளில் சொல்வதெல்லாம் எபனி மரம் அல்ல. வேறு மரத்துக்கும் அந்தப் பெயர் உண்டு. வெள்ளை மரத்துக்கே கறுப்புச் சாயம் ஏற்றுவதும் உண்டு. அது மோசமில்லை, சாயம் என்று சொல்லி விற்றால் சரி. அசல் எபனி அழகும் கனமும் உடையது. ஆனால் வறண்ட வெயிலில் வெடிக்கும். வாங்கினால் ஜன்னலோரம் வைக்காதீர்கள். ஈரத் துணியும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். உலர்ந்த துணியும், எப்போதாவது கொஞ்சம் தேன்மெழுகும் போதும்.

யானைத் தந்தக் காய்கள் என்று யாராவது இரகசியமாகக் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அந்த வியாபாரம் குற்றம்.

நான் ஏமாந்த கதை

புதுச் சாமானைப் பழசாக்கி விற்கும் வித்தையும் இருக்கிறது. இவ்வளவு உபதேசம் செய்யும் நானே ஒரு முறை ஏமாந்தேன்! "நூறு வருஷத்துச் சரக்கு, சார்" என்று ஒருவர் கொடுத்ததை ஆசையாக வாங்கி வந்தேன். வீட்டில் எண்ணிப் பார்த்தால் முப்பத்திரண்டுக்குப் பதில் முப்பத்துநாலு காய்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு ராணி அதிகம்! சிப்பாய் கடைசிக் கட்டம் போய் ராணியாகும்போது உதவட்டும் என்று இந்தக் காலத்தில் சேர்த்துக் கொடுக்கும் உபரி ராணிகள் அவை. பழைய பெட்டிகளில் அவற்றைக் காண முடியாது.

நிஜமான பழசு எங்கும் ஒரே மாதிரி பழுத்திராது. கை பிடிக்கும் கழுத்து வழவழப்பாகியிருக்கும். குதிரையின் காது மழுங்கியிருக்கும். குடைவுகளில் நிறம் தங்கியிருக்கும். சாயம் பூசியதோ எல்லா இடத்திலும் ஒரே பழுப்பு. பழைய ஜாக்ஸ் செட்டுகளில், ராஜா பக்கத்துக் குதிரையின் தலையிலும் மூலைக் காயின் தலையிலும் சின்னஞ்சிறு கிரீடம் ஒன்று குத்தியிருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, குதிரையைப் பாருங்கள். மற்ற ஐந்து வகைக் காய்களையும் கடைசல் பிடித்தே பெரும்பாலும் உருவாக்கிவிடலாம். குதிரை மட்டும் கடைசலுக்கு அடங்காது. அதன் தலையை உளி பிடித்துச் செதுக்கியே ஆகவேண்டும். அமிர்தசரஸில் குதிரைக்கென்றே தனி வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். பிடரி மயிர், நாசி, பல், கண் எல்லாம் துலங்கினால் நல்ல கை. நான்கு குதிரைகளையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். அச்சில் வார்த்தாற்போல் இராது. ஒன்று கொஞ்சம் கோபமாக இருக்கும். ஒன்று கொஞ்சம் சாதுவாக இருக்கும்.

குதிரை வந்தது

இவ்வளவும் வாத்தியார் ஐயாவிடம் சொன்னேன். அவர் வீட்டுக் காய்களைச் சாய்த்துப் பார்த்தோம், நிமிர்ந்து நின்றன. ராணியை எண்ணினோம், இரண்டே இரண்டு. முப்பத்தொன்றும் குறையில்லாதவை. புது செட் எதற்கு? ஒரு குதிரை போதுமே!

ஆனால் அந்த ஒன்றுதான் கிடைக்காது. திருவண்ணாமலையில் கடைசல் பிடிப்பவரைக் கேட்டோம். "சிப்பாய் வேண்டுமானால் எத்தனை வேண்டுமானாலும் தருகிறேன், சார். குதிரை நம்மால் ஆகாது" என்று கையை விரித்தார்.

பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்குப் பெயர் போனது. 2021-ல் புவிசார் குறியீடும் பெற்றது. அங்கே சுவாமி வாகனங்கள் செதுக்கும் ஒருவரிடம் மாதிரிக் குதிரையைக் கொண்டுபோனோம். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆள் உயரக் குதிரை என்றால் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். இது கட்டைவிரல் அளவல்லவா?" என்று சிரித்தார். பத்து நாள் கழித்து வரச் சொன்னார்.

பத்தாம் நாள் குதிரை தயார். கருங்காலித் துண்டில் அடியைக் கடைந்து, தலையைத் தனியே செதுக்கிப் பொருத்தி, அடியில் ஈயமும் வைத்திருந்தார். அளவு சரி, கனம் சரி. ஆனால் முகம்? லண்டன் குதிரை அல்ல; நம் ஊர் வாகனக் குதிரை! பிடரியில் சுருள், கழுத்தில் மணிச்சரம், பெரிய விழி. கை தன் வழக்கத்தை விடவில்லை.

வாத்தியார் ஐயா அதை வாங்கி நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தார். மணிச்சரத்தில் விரல் நின்றது.

"தேர்க் குதிரை மாதிரி அல்லவா இருக்கிறது!" என்றார். பிறகு, "இருட்டிலும் இதைக் கண்டுகொள்வேன், தம்பி" என்றார்.

அன்று மாலை திண்ணையில் பலகை விரிந்தது. தாத்தா வெள்ளை, பேத்தி கறுப்பு. மைப்புட்டி மூடிக்கு அன்றோடு ஓய்வு கொடுத்தாயிற்று. ஆட்டம் நடுவில் இருக்கும்போது பேத்தி அந்தப் புதுக் குதிரையைத் துணிந்து நடுக்கட்டத்தில் கொண்டுபோய் வைத்தாள். தாத்தாவின் மந்திரி அதை ஒரே வெட்டாக வெட்டலாம். அவர் விரல் மந்திரியைத் தொட்டது, குதிரையின் மணிச்சரத்தைத் தொட்டது, திரும்பி வந்தது. வேறு காயை நகர்த்தினார்.

மூன்று ஆட்டமும் பேத்திதான் ஜெயித்தாள்.

நான் விடைபெற்றுக்கொண்டு கிளம்பியபோது வாசல்வரை வந்தாள். "மாமா, அந்தக் குதிரையை மட்டும் தாத்தா வெட்ட மாட்டார். யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்" என்று காதோடு சொன்னாள்.

வாசகர்களிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன்.