கர்னலுக்கும் கீழே ஒரு ஆள்

போன வாரம் பார்த்த, ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கர்னல், தனக்கு மேல் யாரும் இல்லை என்ற நினைப்பிலேயே எழுதப்பட்ட மென்பொருள். இன்டெல் ப்ராசஸரில் அதன் இடம் ரிங் 0. நம் பிரவுசரும் மற்ற ஆப்களும் ரிங் 3. மெமரியைப் பங்கு போடுவது, இன்டரப்டை (ப்ராசஸரை இடைமறித்துக் கூப்பிடும் சிக்னலை) நிறுத்தி வைப்பது எல்லாம் ரிங் 0-வின் அதிகாரம். இப்படிப்பட்ட இரண்டு கர்னல்களை ஒரே மெஷினில் ஓட விட்டால் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். நடுவே நின்று, ஒவ்வொன்றிடமும் "மெஷின் முழுக்க உனக்குத்தான்" என்று நம்பவைப்பதே ஹைப்பர்வைசரின் வேலை.

ஐபிஎம் மெயின்ஃப்ரேம்களில் 1960-களிலேயே இது நடந்தது. ஹைப்பர்வைசர் மேல் ஓடும் கர்னலை, அதாவது கெஸ்ட் கர்னலை, அதிகாரமில்லாத நிலையில் ஓட விடுவார்கள். அது ஏதாவது அதிகாரக் கட்டளையைத் தொட்டதும் ப்ராசஸர் அதை நிறுத்திவிட்டு ஹைப்பர்வைசரைக் கூப்பிடும். அது வந்து, கேட்ட காரியம் நடந்ததுபோலக் காட்டிவிட்டுப் போகும். 1974-ல் போபெக், கோல்ட்பெர்க் இருவரும் இதற்கு இலக்கணமே வகுத்தார்கள்: மெஷினின் கட்டுப்பாட்டைத் தொடும் கட்டளை ஒவ்வொன்றும் இப்படி ஹைப்பர்வைசரிடம் சிக்க வேண்டும்.

அந்த இலக்கணத்தில் இன்டெல் எக்ஸ்86 தேறவில்லை. பாப்எஃப் என்றொரு கட்டளை. ரிங் 0-வில் இதைக்கொண்டு இன்டரப்டை அணைக்கலாம். அதிகாரமில்லாத இடத்திலிருந்து கொடுத்தால் ப்ராசஸர் பிழை என்று சொல்லாது, அணைக்கவும் செய்யாது, பேசாமல் அடுத்த கட்டளைக்குப் போய்விடும். இன்டரப்ட் நின்றுவிட்டது என்று கெஸ்ட் கர்னல் நம்பிக்கொண்டிருக்கும். ஹைப்பர்வைசருக்கோ தகவலே வராது. பென்டியத்தில் இப்படி 17 கட்டளைகளைக் கண்டுபிடித்தார்கள்.

விஎம்வேர் 1999-ல் இதைச் சாமர்த்தியமாகச் சமாளித்தது: கெஸ்ட் கர்னலின் கட்டளைகளை ஓடும்போதே படித்து, வில்லங்கமானவற்றை மாற்றி எழுதிவிடும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிறந்து 2003-ல் வெளிவந்த ஸென் என்ற ஹைப்பர்வைசர், கெஸ்ட் கர்னலின் சோர்ஸ் கோடையே திருத்தி, "இதையெல்லாம் என்னிடம் கேட்டுச் செய்" என்றது. எனக்கு ஸென்னின் நேர்மைதான் பிடிக்கும். ஆனால் சோர்ஸ் கோடு கைக்கு வராத விண்டோஸை என்ன செய்வது?

2005 கடைசியில் இன்டெல்லே இறங்கி வந்து, விடி-எக்ஸ் என்ற வசதியை ப்ராசஸரில் சேர்த்தது. அதன்பின் கெஸ்ட் கர்னல் ரிங் 0-விலேயே உட்காரலாம். ஹைப்பர்வைசருக்குத் தனி நிலை. இதைச் செல்லமாக 'ரிங் மைனஸ் 1' என்பார்கள். இன்டெல் அப்படியொரு எண் தரவில்லை.

இதன்மேல்தான் லினக்ஸின் ஹைப்பர்வைசரான கேவிஎம் வந்தது. இஸ்ரேலின் கும்ரானெட்டில் இருந்த அவி கிவிட்டி யோசித்தது எளிய விஷயம். ஹைப்பர்வைசருக்கு ஷெட்யூலர் வேண்டும், மெமரி மேலாண்மை வேண்டும், டிரைவர்கள் வேண்டும். இத்தனையும் லினக்ஸ் கர்னலில் ஏற்கெனவே இருக்கிறதே! ஒரு மாட்யூலைச் சேர்த்து, கர்னலையே ஹைப்பர்வைசர் ஆக்கிவிட்டார். 2007 பிப்ரவரியில், லினக்ஸ் 2.6.20-ல் அது சேர்ந்தது. கேவிஎம்மில் ஒரு விர்ச்சுவல் மெஷின் என்பது வெறும் ப்ராசஸ். அதன் ஒவ்வொரு சிபியுவும் ஒரு த்ரெட். ப்ராசஸ்களைப் பட்டியலிடும் 'பிஎஸ்' கட்டளை கொடுத்தால், கேவிஎம்மோடு சேர்ந்து வேலை செய்யும் க்யூஎம்யூவின் பெயரில் அது தெரியும். ப்ராசஸை நிறுத்தும் 'கில்' அடித்தால் உள்ளே ஓடும் விண்டோஸ், அதன் கர்னலோடு சேர்ந்து காலி. ஹைப்பர்வைசரை டைப் 1 (நேரே ஹார்ட்வேர் மேல் ஓடுவது), டைப் 2 (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மேல் ஓடுவது) என்று பிரிக்கும் பாடப்புத்தகங்கள் கேவிஎம்மை எந்தப் பக்கம் போடுவது என்று இன்னும் தடுமாறுகின்றன.

மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி இதற்கு நேர் எதிர். விண்டோஸில் அதை ஆன் செய்து ரீஸ்டார்ட் செய்தால், ஹைப்பர்வைசர் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். நேற்றுவரை மெஷினை நேரடியாக ஆண்ட விண்டோஸ் கர்னலும் அதன்மேல் ஓடும் பார்ட்டிஷன்களில் ஒன்றாகிவிடும். மூத்த பிள்ளை என்பதால் டிரைவர் பொறுப்பு மட்டும் அதனிடமே இருக்கும்.

(தொடரும்)