புரத வடிவும் கருதலளவையும்

பொருள்களை அறிதற்குரிய அளவைகளுள் காட்சியும் கருதலும் தலையாயவை. புகை கண்டவழி நெருப்புண்மை துணிதல் கருதலாம். இன்று புரதங்களின் வடிவைக் கருதலால் உரைக்கும் மென்பொருள்கள் இணையத்தில் யாவர்க்கும் கிடைக்கின்றன. அவை எவ்வாறு கணிக்கின்றன, அக்கணிப்பை எத்துணை நம்பலாம் என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த சங்கிலி. அவ்வமிலங்கள் பெரும்பான்மையும் 20 வகையின. ஒவ்வொன்றற்கும் ஓரெழுத்துக் குறியீடு உண்டாதலின், ஒரு புரதத்தை ஒரு நெடுஞ்சொற்போல எழுதலாம். ஆயினும் அது தொழில்புரிவது பெரும்பாலும் மடிந்து வடிவுற்ற பின்னரே. 124 அமிலங்களாலாகிய ரிபோநியூக்ளியேசு என்னும் புரதத்தின் வடிவைக் குலைத்து மீண்டும் தக்க சூழலில் வைத்தவழி, அது தானே பழைய வடிவை எய்துதலை அன்ஃபின்சன் கண்டார். வடிவிற்கு வேண்டுவன வரிசையிலேயே அடங்கியுள என்பதைக் காட்டிய அவர் 1972-இல் நோபல் பரிசு பெற்றார்.

அச்சங்கிலி எல்லாக் கோணங்களிலும் திரும்ப இயலாது. சிலவற்றில் அணுக்கள் ஒன்றோடொன்று மோதும். ஏற்கத்தக்க கோணங்களை 1963-இல் படமாக வரையறுத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்து ஜி. என். இராமச்சந்திரன், சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோர். புரத வடிவங்களைச் சரிபார்க்க அப்படம் இன்றும் பயன்படுகின்றது. எனினும், ஒவ்வாதன நீக்கிய பின்னும் எஞ்சும் வடிவங்கள் எண்ணிறந்தன. அவற்றுள் உரியதைத் தேர்வது எங்ஙனம்?

இதற்குப் பெரிதும் துணைநின்றது ஒப்பீடு. ஒரே புரதம் பல்வேறு உயிர்களில் சிறுசிறு வேறுபாடுகளுடன் காணப்படும். ஏட்டுச்சுவடிகளை அடுக்கிப் பாடவேறுபாடு நோக்குவார் போல, மென்பொருள் அவ்வரிசைகளை அடுக்கி நோக்குகிறது. ஓரிடத்து அமிலம் மாறுந்தோறும் தொலைவிலுள்ள மற்றோரிடத்தும் உடன்மாற்றம் காணின், மடிந்த வடிவில் அவ்விரண்டும் அண்மையில் உள்ளன எனக் கருத இடமுண்டு. இவ்வொப்பீட்டையும், எக்சு-கதிர் முதலியவற்றால் முன்னரே கண்ட வடிவங்களிற் பெற்ற பயிற்சியையும் கொண்டு, 2020-இல் 'காஸ்ப்' என்னும் கணிப்புப் போட்டியில் ஆல்பாஃபோல்டு 2 பெருவெற்றி கண்டது. அதனை உருவாக்கிய குழுவினருள் அசாபிசு, சம்பர் ஆகிய இருவரும் 2024-இல் வேதியியல் நோபல் பரிசைப் பேக்கருடன் பகிர்ந்தனர்.

'கோலாப்ஃபோல்டு' போன்ற இணையக் கருவியில் எழுத்துவரிசையை இட்டால் வடிவும், அதனோடு ஒவ்வோர் அமிலத்திற்கும் 100-க்குள் ஒரு நம்பக எண்ணும் கிடைக்கும். 90-க்கு மேற்பட்டது மிகுநம்பகம் உடையது; 50-க்குக் கீழ்ப்பட்ட பகுதியை வடிவெனக் கொண்டு பொருள் கூறலாகாது. அப்பகுதி இயல்பிலேயே நிலைத்த வடிவில்லாததாகவும் இருக்கலாம். ஒப்பிடுதற்கு இனவரிசைகள் அருகிய புரதங்களில் கணிப்புப் பெரும்பாலும் தளரும்.

நம்பக எண் உயர்ந்தவிடத்தும் ஓர் எல்லை உண்டு. அரிவாளணுச் சோகைக்குக் காரணம் குருதிப் புரதத்தின் பீட்டாச் சங்கிலியில் ஆறாம் இடத்துக் குளூட்டாமிக் அமிலம் வாலின் ஆதலே. ஓரெழுத்தே மாறியது; தனி மூலக்கூற்றின் வடிவு ஏறத்தாழ மாறவில்லை. ஆயினும் உயிர்வளி நீங்கியவழி அம்மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி இழையாகிக் குருதியணுவை வளைக்கின்றன. இரு வரிசைகளுக்கும் கணித்த வடிவங்களை மட்டும் ஒப்பிடுவார் நோயைக் காணார்.

ஆதலின் இக்கணிப்பு, ஆய்வுக்கூடத்தில் எதனைச் சோதிக்க வேண்டும் என்று காட்டும் சிறந்த வழிகாட்டி. அதனைக் காட்சியாகவே கொண்டு சோதனையைக் கைவிடுதல் புகையை நெருப்பென்றல் போலும் என்பது எம் துணிபு.