பாலம் பழையது, அதனால்தான் மெதுவா?

நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பாலம் 1903ல் திறக்கப்பட்டது. புரூக்ளினிலிருந்து மன்ஹாட்டனுக்கு அதன்மேல் செல்லும் சுரங்க ரயில்கள் ஏன் இப்படி ஊர்கின்றன என்று பயணிகள் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். பாலம் பாரம் தாங்காது என்பது பலரின் ஊகம். அதிலும் நியாயம் உண்டு. 1988ல் இரும்பு அரித்துப்போனதால் பல வாரங்கள் அதில் ரயில்களே ஓடவில்லை.

பொறியியல் மாணவியான எனக்கோ இரும்பைவிட, பாலத்தின் சமிக்ஞை விளக்குகளின் கதைதான் பெரிதாகப் படுகிறது.

1995 ஜூன் 5 காலை, பாலத்தில் நின்றிருந்த ரயில்மீது பின்னால் வந்த ரயில் மோதியது. பின்னால் வந்ததன் ஓட்டுநர் இறந்தார். 50க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். அந்த ரயில் சிவப்பு விளக்கைத் தாண்டியிருந்தது. அப்படித் தாண்டினால், தண்டவாளத்தின் ஓரத்தில் நிமிர்ந்து நிற்கும் ஒரு கம்பி, ரயிலின் பிரேக்கைத் தட்டிவிடும். அன்றும் தட்டியது. ஆனால், ரயில் நிற்பதற்குத் தூரம் போதவில்லை! விளக்குகளுக்கு இடையிலான தூரம் 1918ல் வகுக்கப்பட்டது. அக்கால ரயில்கள் நீளத்திலும் எடையிலும் வேகத்திலும் குறைந்தவை.

அதன்பின் ரயில்களின் வேகம் குறைக்கப்பட்டது. நேரத்தை அளந்து வழிவிடும் விளக்குகளும் பல தடங்களில் பெருகின. வேகமாக வந்தால் சிவப்பு மாறாது. 2018ல் சோதிக்கத் தொடங்கியபோது, அவற்றில் சிலவற்றின் நேரக் கணக்கே பிசகியிருந்தது தெரிந்தது. அதற்குப் பயந்து ஓட்டுநர்கள் அனுமதித்த வேகத்தைவிடவும் மெதுவாக ஓட்டிவந்தார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. சிவப்பைத் தாண்டினால் விசாரணை அவர்கள்மீதுதானே, விளக்கின்மீது அல்லவே.